புகைமூட்டத்தை ஆராய எந்தத் துறையில் சேரவேண்டும்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரி (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) முதலாம் ஆண்டில் படிக்கும் ஒரு பெண்ணின் தாயார் கேட்கிறார்: மகளுக்கு வேதியியலும் உயிரியலும் நன்றாக வருகிறது. சின்ன வயதில் ஆஸ்துமா இருந்தவள். புகைமூட்டத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யவேண்டும் என்கிறாள். உறவினர்கள் மருத்துவம் என்கிறார்கள், ஆசிரியர் வேதியியல் என்கிறார், அவளோ சுற்றுச்சூழல் படிப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எதில் சேர்ந்தால் சரி? அதை நம்பி வேலை கிடைக்குமா? இப்போதே அவள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

காற்றில் மிதக்கும் நுண்துகள்களை அளப்பது என் வேலை. அதனால் என் பதில் வேதியியல் பக்கம் கொஞ்சம் சாயும், அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

புகைமூட்டம் எந்த ஒரு துறைக்கும் சொந்தமான கேள்வி அல்ல. அதே சமயம், அதில் உருப்படியாக எதையாவது கண்டுபிடித்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு துறையின் கருவியையோ கணக்கையோ கைவரப் பெற்றவர்கள்தான். மூன்று படிப்புகளில் எதை எடுத்தாலும், "இதை எனக்கு அளக்கத் தெரியும்" என்று சொல்லக்கூடியவளாக அவள் வெளியே வரவேண்டும். எந்தப் படிப்பு என்பதைப் புகையின் பயணத்தில் எந்தக் கட்டம் அவளை அதிகம் இழுக்கிறது என்று பார்த்து முடிவு செய்யலாம். ஆகவே அந்தப் பயணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தோனேசியாவில் நிலம் எரிந்து சிங்கப்பூர் வரை வந்த 2015ஆம் ஆண்டுப் புகைமூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். செப்டம்பர் 25 அன்று இங்கே தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளை மூடினார்கள். அதற்கு அடுத்த ஆண்டு ஹார்வர்ட், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தப் புகையால் உரிய காலத்துக்கு முன்பே ஏற்பட்ட மரணங்கள் மொத்தம் 100,300 இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு: இந்தோனேசியாவில் 91,600, மலேசியாவில் 6,500, சிங்கப்பூரில் 2,200. சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு அந்தக் கணக்கு உண்மை நிலையைக் காட்டவில்லை என்று மறுத்தது.

அந்த 2,200 எப்படி வந்தது என்று பிரித்துப் பார்த்தால் உங்கள் மகளுக்கான பதில் அதற்குள்ளேயே கிடைக்கும். எவ்வளவு நிலம் எரிந்தது, அதிலிருந்து எவ்வளவு துகள் கிளம்பியது என்பது முதல் மதிப்பீடு. அந்தத் துகள் காற்றோடு எங்கே போனது என்று கணினியில் கணிப்பது இரண்டாவது. அவர்கள் பயன்படுத்தியது ஜியோஸ்-கெம் என்ற வளிமண்டல வேதியியல் மாதிரி. ஒவ்வொரு நாட்டு மக்களும் சராசரியாக எவ்வளவு சுவாசித்தார்கள் என்பது மூன்றாவது. இவ்வளவு துகள் கூடினால் மரணம் இவ்வளவு கூடும் என்று மருத்துவ ஆய்வுகளிலிருந்து எடுத்த விகிதம் கடைசி. நான்கு கட்டத்திலும் ஊகம் கலந்திருக்கிறது. ஊகத்தைக் குறைப்பதுதான் இந்தத் துறையில் நாங்கள் எல்லாரும் செய்யும் வேலை.

முதல் கட்டம், நிலம். இந்தோனேசியாவின் சுமத்ரா, களிமந்தான் வட்டாரங்களில் உள்ள கரிச்சதுப்பு நிலங்கள் என்பவை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் ஊறி, முழுதாக மட்காமல் குவிந்து கிடக்கும் மரம், இலை, வேர். ஈரமாக இருக்கும்வரை அது எரியாது. கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் மண்ணே எரிபொருளாகிவிடுகிறது. 1990களின் நடுவில் மத்தியக் களிமந்தானில் சுமார் பத்து லட்சம் ஹெக்டரை நெல் வயலாக்க அதிபர் சுகார்த்தோவின் அரசாங்கம் அப்படித்தான் கால்வாய் வெட்டியது. திட்டம் தோற்றது. 1997இல் பசிபிக் கடல் சூடேறுவதால் வரும் எல் நினோ வறட்சி வந்தபோது காய்ந்துபோன நிலம் பற்றிக்கொண்டது. அந்த ஆண்டு இந்தோனேசியத் தீயில் 0.81 முதல் 2.57 பில்லியன் டன் வரை கார்பன் வெளியேறியிருக்கலாம் என்று சூசன் பேஜ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2002இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அப்போது உலகம் முழுதும் ஓர் ஆண்டில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து வெளியான கார்பனில் 13 முதல் 40 விழுக்காடு அது.

அந்த இரண்டு எண்களுக்கும் இடையே மூன்று மடங்கு இடைவெளி இருப்பதைக் கவனித்தீர்களா? எவ்வளவு பரப்பு எரிந்தது என்பதைத் துணைக்கோளப் படத்திலிருந்து ஓரளவு சொல்லலாம். எவ்வளவு ஆழம் எரிந்தது என்பது மேலிருந்து பார்த்தால் எளிதில் தெரியாது. பின்னால் வேறொரு குழு, விமானத்திலிருந்து லேசர் கதிரை அனுப்பி நிலத்தின் உயரத்தை அளந்து, 2006 தீயில் மத்தியக் களிமந்தானில் சராசரியாக 33 சென்டிமீட்டர் ஆழம் எரிந்திருந்ததைக் கண்டது. ஒரே ஒரு நல்ல அளவீடு விவாதத்தை எவ்வளவு தூரம் நகர்த்தும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. வரைபடம், துணைக்கோளம், நிலவியல் பிடித்தால் உங்கள் மகளுக்கு இடம் இங்கே.

இரண்டாவது கட்டம் என்னுடைய பேட்டை, கொஞ்சம் நீளமாகவே பேசுவேன். கரிநிலத் தீ கொழுந்துவிட்டு எரிவதில்லை. மண்ணுக்குள்ளே நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கிறது. வெப்பம் குறைவு, ஆக்சிஜன் குறைவு, எனவே எரிதல் அரைகுறை. கார்பன் மோனாக்சைடும், கரிமச் சேர்மங்கள் நிறைந்த நுண்துகளும் ஏராளமாக வருகின்றன. 2015இல் ஒரு குழு கருவிகளோடு களிமந்தானுக்கே போய், எரிந்துகொண்டிருந்த நிலத்தின் புகையில் ஏறத்தாழ 90 வாயுக்களை அளந்தது. அதுவரை பன்னாட்டு வழிகாட்டிகளில் இருந்த எண்களைவிட கார்பன் மோனாக்சைடு கூடுதல், மீத்தேன் நன்றாகவே குறைவு என்று தெரிந்தது. ஆய்வுக்கூடத்தில் ஒரு பிடி கரிமண்ணை எரித்துப் பார்ப்பதற்கும், வயலில் எரிவதை அளப்பதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

அப்புறம் அந்தப் புகை தென்மேற்குப் பருவக்காற்றில் இங்கே வந்து சேர்வதற்குள் வேறொன்றாக மாறிவிடுகிறது. வெயிலில் உருவாகும் ஹைட்ராக்சில் என்ற துடிப்பான மூலக்கூறு புகையில் உள்ள சேர்மங்களை ஒவ்வொன்றாகத் தாக்கி ஆக்சிஜனை ஏற்றுகிறது. சில வாயுக்கள் துகளாகின்றன, சில துகள்கள் சிதைகின்றன. வழியில் கப்பல்களின் புகையும் நம்முடைய வாகன, ஆலைப் புகையும் கலக்கின்றன. சரி, இங்கே நாம் பிடித்த துகளில் எவ்வளவு சுமத்ராவிலிருந்து வந்தது, எவ்வளவு நம் ஊருடையது? இதற்கு லெவோகுளுகோசன் என்ற சர்க்கரை வகைச் சேர்மம் உதவும். மரம், செடியில் உள்ள செல்லுலோஸ் கருகும்போது உண்டாவது அது. டீசல் இஞ்சினிலிருந்து வராது. ஆனால் அதுவும் வரும் வழியில் சிதைவதால், இங்கே அளந்த அளவை வைத்து அப்படியே கணக்குப் போட்டால் வெளியூர்ப் புகையின் பங்கு குறைத்துக் காட்டப்படும். எவ்வளவு வேகத்தில் சிதைகிறது என்பது ஈரப்பதம், வெயில், துகளின் தன்மை எல்லாவற்றையும் பொறுத்தது. இது சுத்தமான வேதியியல் கேள்வி. இன்னும் நிறைய வேலை பாக்கி இருக்கும் கேள்வியும்கூட.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ராஜசேகர் பாலசுப்ரமணியன் இத்தகைய துகள்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர். அவர் இருப்பது வேதியியல் துறையில் அல்ல, கட்டட, சுற்றுச்சூழல் பொறியியலில். ஓசோன் வேதியியலுக்காக 1995இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பால் குருட்சென், கட்டடப் பொறியியல் படித்து, பாலம் கட்டும் அலுவலகத்தில் வேலை பார்த்து, பிறகு ஸ்டாக்ஹோமில் வானிலைத் துறையில் கணினி நிரலாளராகச் சேர்ந்தவர். வெப்பமண்டலக் காடும் புல்வெளியும் எரிவது உலகக் காற்றையே மாற்றுகிறது என்று 1970களின் முடிவிலேயே எடுத்துச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். பட்டத்தில் எழுதியிருக்கும் துறைப் பெயரை நினைத்து ரொம்பக் கவலைப்பட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மூன்றாவது கட்டத்துக்கு முன் பிஎஸ்ஐ பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் மாணவர் கட்டுரைகளில் நான் அடிக்கடி பார்க்கும் குழப்பம் இது. பிஎஸ்ஐ என்பது காற்றில் உள்ள ஆறு மாசுகளில் எது மோசமோ அதை வைத்துச் சிங்கப்பூரில் சொல்லும் காற்றுத் தரக் குறியீடு. அதற்கு அலகு கிடையாது. பிஎம் 2.5 என்பது ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் நுண்துகள் (விட்டம் 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாதவை) என்ற நேரடி அளவு. 24 மணி நேர பிஎஸ்ஐ நேற்றைய காற்றையும் சேர்த்த சராசரி என்பதால், புகை திடீரென்று அடர்ந்தால் மெதுவாகத்தான் ஏறும், விலகினாலும் மெதுவாகத்தான் இறங்கும். இப்போது வெளியே ஓடப் போகலாமா என்று முடிவு செய்ய ஒரு மணி நேர பிஎம் 2.5 அளவைப் பாருங்கள்: 55 வரை வழக்கமான நிலை, 56 முதல் 150 வரை உயர்ந்த நிலை, அதற்கு மேல் அதிகம், 250ஐத் தாண்டினால் மிக அதிகம். இன்னொன்று: 2013 ஜூன் 21 அன்று மூன்று மணி நேர பிஎஸ்ஐ 401ஐத் தொட்டது என்று எல்லாரும் சொல்வோம். அப்போது பிஎஸ்ஐ கணக்கில் பிஎம் 2.5 சேரவில்லை; 2014 ஏப்ரலில்தான் சேர்த்தார்கள். ஆகவே 2013இன் பிஎஸ்ஐயையும் 2015இன் பிஎஸ்ஐயையும் ஒரே வரைபடத்தில் போட்டு எது மோசம் என்று பேசக்கூடாது. ஆராய்ச்சி செய்ய நினைக்கும் பிள்ளை முதலில் கற்கவேண்டியது, எந்த எண்ணைப் பார்த்தாலும் அது எப்படி உருவானது என்று கேட்கும் பழக்கம்.

இனி மூன்றாவது கட்டம், மூச்சு. காற்று நிலையம் சொல்வது வெளியே இருக்கும் அளவு. நாமோ பெரும்பாலான நேரம் வீட்டுக்குள், வகுப்பறைக்குள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் நம்மில் பலர் சன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு வாழ்கிறோம். வெளியே இருக்கும் நுண்துகளில் பெரும்பங்கு உள்ளே வந்துவிடும். சன்னலைச் சாத்தினால் புழுக்கமும் கரியமில வாயுவும் ஏறும். குளிர்சாதனம் உள்ள வீட்டுப் பிள்ளையும், அது இல்லாத வீட்டுப் பிள்ளையும் ஒரே பேட்டையில் இருந்தாலும் ஒரே காற்றைச் சுவாசிப்பதில்லை. நாடு முழுதுக்கும் ஒரு சராசரியைப் போட்டுக் கணக்கிடும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் வருத்தம் தரும் இடைவெளி இதுதான். பள்ளி நேரத்தில் ஒரு பிள்ளை உண்மையில் எவ்வளவு சுவாசிக்கிறது, அன்று அது எப்படிப் படிக்கிறது என்பதெல்லாம் கல்வி ஆராய்ச்சியும் சேரவேண்டிய இடம். இஸ்ரேலில் உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு நடந்த நாள்களின் பிஎம் 2.5 அளவையும் மதிப்பெண்ணையும் ஒப்பிட்டு, மாசு கூடிய நாளில் மதிப்பெண் குறைந்ததைக் காட்டிய ஆய்வு 2016இல் வந்தது. தேர்வு என்றால் நம் ஊரில் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

நான்காவது கட்டம் மருத்துவம். நீண்ட காலம் நுண்துகளைச் சுவாசித்தால் ஆயுள் குறையும் என்பதை அழுத்தமாகக் காட்டிய ஆறு நகர ஆய்வு 1993இல் அமெரிக்காவில் வெளியானது. அதற்குப் பின் வந்த பெரிய ஆய்வுகளிலும் பல அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சேர்ந்தவை. ஆண்டு முழுதும் வாகன, மின்நிலையப் புகையைச் சுவாசித்தவர்களைப் பற்றியவை. சில வாரங்கள் மட்டும் அடர்த்தியாக வரும் கரிநிலப் புகைக்கும் அதே விகிதம் பொருந்துமா? 2,200 என்ற எண்ணைப் பற்றிய கருத்து வேறுபாட்டுக்கு இந்தக் கேள்வி மிக நெருக்கமானது.

இங்குள்ள மருத்துவர்கள் சும்மா இருக்கவில்லை. சிங்கப்பூரில் திடீர் இதய மரணம், மாரடைப்பு பற்றிய பதிவுகளை எடுத்து, காற்று மாசோடு ஒப்பிட்டு ஆய்வுகள் செய்திருக்கிறார்கள்; மாசு உயரும்போது அபாயமும் உயர்வதைக் கண்டிருக்கிறார்கள். அந்த முறை அழகானது. ஒருவர் ஒரு செவ்வாய்க்கிழமை மயங்கி விழுந்தார் என்றால், அதே மாதத்தில் அவருக்கு ஒன்றும் ஆகாத மற்றச் செவ்வாய்க்கிழமைகளின் காற்றோடு அந்த நாளின் காற்றை ஒப்பிடுவார்கள். ஒப்பீடு அவரோடு அவருக்கே என்பதால் வயது, புகைபிடிக்கும் பழக்கம், நீரிழிவு போன்றவை தானாகவே கழிந்துவிடும்.

மருத்துவர் அல்லாதவர்கள் கண்டுபிடித்ததையும் சொல்லவேண்டும். 1997 தீயின்போது இந்தோனேசியாவில் எத்தனை சிசுக்கள் இறந்தன என்று சொல்ல நம்பகமான மரணப் பதிவுகள் இல்லை. சீமா ஜெயச்சந்திரன் என்ற பொருளியல் அறிஞர் 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை எடுத்து, புகை அடர்ந்த வட்டாரங்களில் அந்த மாதங்களில் பிறந்திருக்கவேண்டிய பிள்ளைகள் எத்தனை பேர் கணக்கில் இல்லை என்று தேடினார். 15,600 என்று வந்தது. கருவில் இருந்தபோது அந்தப் புகைக்கு ஆளான பிள்ளைகள் 17 வயதில் சராசரியாக 3.4 சென்டிமீட்டர் குள்ளமாக இருப்பார்கள் என்று 2019இல் இன்னோர் ஆய்வு கணக்கிட்டது. அதை எழுதிய இருவரில் ஒருவர் அப்போது நம் லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளியில் இருந்தார். இந்த ஆய்வுகளைப் படித்த பிறகு கருவியோடு உட்காரும்போது என் கையில் உள்ள எண்ணுக்கு வேறு கனம் வந்துவிட்டது.

நிலைத்தன்மை, சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2014இல் சிங்கப்பூர் எல்லை தாண்டிய புகைமூட்ட மாசுச் சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டில் தீ மூட்டி இங்கே புகை வரச் செய்யும் நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 100,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, மொத்தம் 2 மில்லியன் வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் யாருடைய நிலத்தில் எரிந்தது என்று நிறுவ நில உரிமை வரைபடம், துணைக்கோளப் படம், காற்றுத் திசை மூன்றும் பொருந்தவேண்டும். இந்தோனேசியா தன் பக்கம் கரிநிலங்களில் நிலத்தடி நீர் 40 சென்டிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்று விதி வைத்திருக்கிறது. கால்வாயை அடைத்து நீரைத் தேக்கினால் தீ குறையும். ஆனால் அங்கே பயிர் செய்து பிழைக்கும் குடும்பம் ஈர நிலத்தில் எதை விளைவித்துச் சாப்பிடும்? சுற்றுச்சூழல் படிப்பு என்றால் இந்தக் கேள்வியோடு கிராமத்தில் போய் உட்கார மனம் வேண்டும்.

சரி, படிப்புக்கு வருவோம். கருவி, வினை, மூலக்கூறு என்றால் அவள் முகம் மலர்கிறது என்றால் வேதியியலோ சுற்றுச்சூழல் பொறியியலோ. நிலமும் காலநிலையும் பிடித்தால் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆசியச் சுற்றுச்சூழல் பள்ளியைப் பார்க்கலாம். எர்த் அப்சர்வேட்டரி ஆஃப் சிங்கப்பூர் என்ற புவி அறிவியல் ஆய்வு நிலையம் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. நோயாளியின் அருகில் இருக்கவேண்டும் என்ற ஆசை உண்மையானதாக இருந்தால் மட்டும் மருத்துவம். ஆராய்ச்சி செய்ய மருத்துவம் படித்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. உறவினர்கள் சொல்வதற்காகப் போனால் பல ஆண்டுகள் புகையைப் பற்றி யோசிக்கவே நேரம் இருக்காது. மனம் இரண்டாக இருந்தால் அவசரப்படாதீர்கள். டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியில் ஏதாவது ஒரு பட்டம் முடித்த பிறகுதான் சேரமுடியும்; அங்கே நான்கு ஆண்டு, அதில் ஆராய்ச்சிக்கென்றே காலம் ஒதுக்குகிறார்கள். வேதியியல் முடித்துவிட்டு அந்தக் கதவைத் தட்டலாம். எந்த வழியில் போனாலும் புள்ளியியலும் நிரல் எழுதுவதும் கட்டாயம். இந்தத் துறையின் எல்லாப் பிரிவினரும் பேசிக்கொள்வது அவற்றின் வழியாகத்தான்.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். வளிமண்டல வேதியியல் என்ற பெயரிலேயே வேலை தேடினால் சிங்கப்பூரில் இடங்கள் குறைவு: பல்கலைக்கழகங்கள், தேசியச் சுற்றுப்புற வாரியம், வானிலைச் சேவையின் பருவநிலை ஆய்வு நிலையம் போன்றவை. ஆனால் ஒரு மாதிரியில் என்னென்ன சேர்மங்கள் உள்ளன என்று காட்டும் நிறமாலைமானியை இயக்கத் தெரிந்தவருக்கு மருந்து ஆலை, உணவுப் பரிசோதனைக்கூடம், சில்லு ஆலைகளின் தூய அறை என்று வேலை உண்டு. பெரிய தரவைக் கையாளத் தெரிந்தவரை மருத்துவமனை ஆய்வுப் பிரிவுகளும் தேடுகின்றன. முனைவர் பட்டம் வரை போனால் சில ஆண்டுகள் வெளிநாட்டில் இருக்கவேண்டி வரலாம். அதற்கு வீட்டில் இப்போதே மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இப்போது செய்யக்கூடியது. தொடக்கக் கல்லூரி மாணவர்களைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொள்ளும் அறிவியல் ஆராய்ச்சித் திட்டம், நன்யாங் ஆராய்ச்சித் திட்டம் இரண்டைப் பற்றியும் கல்லூரி ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். இடம் கிடைக்காவிட்டாலும் குறையில்லை. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என ஐந்து வட்டாரங்களின் மணிநேர அளவுகள் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மலிவான ஒரு பிஎம் 2.5 சென்சாரை வாங்கி வீட்டில் வைத்து, தன் வட்டாரத்தின் அளவோடு சில மாதம் ஒப்பிடட்டும். அந்த சென்சார் ஒளிச் சிதறலை வைத்து அளப்பது. விடியற்காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும்போது துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிவிடுவதால் கூட்டிக் காட்டும். எவ்வளவு கூட்டுகிறது, அதை எப்படித் திருத்துவது என்று கண்டுபிடித்தாலே அது ஒழுங்கான ஒரு சிறு ஆய்வு.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஆஸ்துமா இருந்த பிள்ளை. புகை அடர்ந்த நாளில் அளக்கிறேன் என்று வெளியே நிற்கக்கூடாது. சென்சாரை வெளியே விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து பார்க்கட்டும். வீட்டுக்குள் வைக்கும்போது சமையலறையிலிருந்தும் சாமி மாடத்திலிருந்தும் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். கடுகு தாளிக்கும்போதும் சாம்பிராணி போடும்போதும் எழுவதும் பிஎம் 2.5தான், எண் சட்டென்று ஏறும். அந்த நேரங்களை ஒரு நோட்டில் குறித்து வைத்தால், வெளிப்புகை எது, வீட்டுப் புகை எது என்று பிரிக்கும் முதல் பாடத்தை அவள் அங்கேயே தொடங்கிவிடலாம்.